கோடீஸ்வரன் வழக்கில் வென்றது யார்?

வடலி:
அக்காவின் மகன் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறான். நேற்றுப் பின்னேரம் ரியூசனால் வந்து நோட்ஸை மேசையில் எறிந்துவிட்டுக் கிரிக்கெட் விளையாட ஓடிவிட்டான். தேத்தண்ணி குடித்தபடி சும்மா புரட்டினேன். ‘1969இல் கோடீஸ்வரன் வழக்கில் லண்டன் பிரிவிக் கவுன்சில் தனிச் சிங்களச் சட்டத்தை ரத்துச் செய்தது’ என்று எழுதி, கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது.

1956இல் சிங்களத்தை மட்டும் உத்தியோக மொழியாக்கிய அந்தச் சட்டத்தை லண்டன் ரத்துச் செய்யவில்லை ஐயா! கோடீஸ்வரன் ஓர் அரசாங்கக் கிளாக்கர். சிங்களத் தேர்ச்சி காட்டாத உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்ச்சி இல்லை என்று 1961 டிசம்பரில் திறைசேரி சுற்றறிக்கை விட்டது. 1962இல் அவருடைய உயர்ச்சி நின்றது, மனுசன் வழக்குப் போட்டார். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் சொன்னது என்னவென்றால், அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போடலாம் என்பது. அவ்வளவுதான். மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதை அவர்கள் தொடவே இல்லை. ஒவ்வொரு மாவீரர் நாளுக்கும் தேர்தலுக்கும் மேடையில் உந்தக் கதையை அவிழ்த்துவிட்டு, இப்போது பிள்ளைகளின் நோட்ஸுக்குள்ளும் வந்துவிட்டது. கேட்க ஆளில்லையா?

கச்சேரியடி:
தம்பி வடலி, உமக்கு வழக்கின் வால் தெரிகிறது, தலை தெரியவில்லை. கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிரெற்சர் 1964இல் என்ன தீர்ப்புச் சொன்னார் என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்? 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க உத்தியோக மொழிச் சட்டமே சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு, அதாவது ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாரபட்சமாகச் சட்டம் செய்யக்கூடாது என்ற பிரிவுக்கு முரண், ஆகவே செல்லாது என்றார். தமிழர் இல்லை, பறங்கி நீதிபதி! அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. 1969இல் லண்டனோ எங்கள் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. ஒரு பாயை இரண்டு தரம் புரட்டினால் எந்தப் பக்கம் மேலே இருக்கும்? முதல் பக்கம்தானே? அப்படியென்றால் நிற்பது டி கிரெற்சரின் தீர்ப்பு. கோடீஸ்வரன் வென்றார். ரியூசன் சேர் எழுதியது சரி. நோட்ஸைப் பிழை பிடிக்க முதல் நீர் படியும்.

கார்த்திகைப்பூ:
பாய் உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் லண்டன் பாயைப் புரட்டவில்லை, சுருட்டித் திரும்பக் கொழும்புக்கே அனுப்பியது. தீர்ப்பு நியூ லோ ரிப்போர்ட்ஸ் 72ஆம் தொகுதியில் 337ஆம் பக்கத்தில் இருக்கிறது, யாரும் வாசிக்கலாம். நடந்தது இதுதான். 1967இல் பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோவும் ஜீ.பீ.ஏ. சில்வாவும், முடிக்குரிய ஊழியருக்குச் சம்பளம் கேட்டு வழக்காடும் உரிமையே இல்லை, ஆகவே மொழிச் சட்டம் பற்றி நாங்கள் முடிவு சொல்லத் தேவையில்லை என்று கெட்டித்தனமாக நழுவினார்கள். லண்டனில் டிப்ளொக் பிரபு, உரிமை உண்டு, நீங்கள் சொன்னது பிழை என்றார். சொல்லிவிட்டு, யாப்புப் பற்றிய பெரிய கேள்வியை உங்கள் உயர் நீதிமன்றம் முதலில் ஆராயட்டும், அதன் கருத்து இல்லாமல் நாங்கள் முந்தமாட்டோம் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார். அரசாங்கத்தின் மேன்முறையீடு உயர் நீதிமன்றத்தில் உயிரோடுதான் இருந்தது. மேன்முறையீடு உயிரோடு இருக்கும்போது கீழ்த் தீர்ப்பு வென்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது?

பனங்காய்ப் பணியாரம்:
சுருக்கமாக: பந்து எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டது, ஆனால் அம்பயர் கையைத் தூக்க முதல் மைதானத்தை விற்றுவிட்டார்கள்.

கச்சேரியடி:
பகிடி வேண்டாம் பணியாரம். பிள்ளை கார்த்திகைப்பூ, நீர் சட்டம் படித்தவர் போல் தெரிகிறது, சந்தோசம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். திருப்பி அனுப்பினது தோல்வியா? ஓம் அல்லது இல்லை. கோடீஸ்வரன் மேன்முறையீடு செய்தார், லண்டன் அந்த மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. மேன்முறையீடு ஏற்கப்பட்டவன் வென்றவனா தோற்றவனா? எங்கள் சந்தியில் கச்சான் விற்கிற ஆச்சியிடம் கேட்டாலும் சொல்லும்.

என் ஐயா அந்தக் காலத்துக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். மொழிச் சட்டத்துக்கு எதிராக 1961 பெப்ரவரி 20 தொடங்கின சத்தியாக்கிரகத்தில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சனம் குந்தியிருந்தபோது, உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று தவித்த ஆட்களில் அவரும் ஒருவர். ஏப்ரிலில் அவசரகாலச் சட்டம் போட்டு ஆமி வந்து எல்லாரையும் தூக்கியது, அந்த வருடம் முடிய முதல் திறைசேரிச் சுற்றறிக்கை. ஐயா ரோஸ் பாண் வாங்குகிற சாட்டில் ஒரு சிங்களப் பேக்கரிக்காரரிடம் எழுத்துப் படித்தார். பழைய கச்சேரிப் படிவங்களின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாக எழுதின தாள்கள் இன்னும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. நாற்பத்தைந்து வயது மனுசன், மூக்குக் கண்ணாடியோடு, அரிக்கன் லாம்புக்கு முன்னால் பாலர் வகுப்புப் பிள்ளை போல. லண்டன் தீர்ப்பு வந்த அன்றைக்கு அவர் அந்தப் புத்தகத்தை மடக்கி வைத்துவிட்டு ‘வென்றுவிட்டோம்’ என்று சொன்னார். அவர் பொய் சொன்னாரா? நீங்கள் எல்லாரும் கூகிளைத் தட்டிவிட்டு வந்து எனக்கு வழக்குப் படிப்பிக்கிறீர்கள்.

வடலி:
அண்ணை, உங்கள் ஐயாவில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சந்தோசப்பட்டது உண்மையாக இருக்கும், அதற்காக டிப்ளொக் பிரபு சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடுமா? நோட்ஸில் இருப்பது ‘சட்டத்தை ரத்துச் செய்தது’ என்று. நீங்கள் ‘வென்றார்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். போன வருடமும் இதே கதைதான். யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது என்று நான் சொல்ல, இல்லை என்று அறுபது பதிவு போட்டீர்கள், கடைசியில் ‘உங்கள் ஐயா பயணம் செய்த ஆண்டு’ வேறு என்று முடித்தீர்கள்.

கச்சேரியடி:
யாழ்தேவியை இதற்குள் இழுக்க வேண்டாம். அதில் நான் தோற்கவில்லை, நேரமில்லாமல் விட்டேன். திருப்பி அனுப்பினது தோல்வியா?

ஸ்காபரோ குளிர்:
லண்டன்காரன் தமிழனுக்குத் தீர்ப்புத் தந்தான் என்பதே பெருமைதானே? இங்கே கனடாவில் 1949இலேயே பிரிவி கவுன்சிலுக்குப் போகிற வழியை மூடிவிட்டார்கள், சொந்தக் கோடே (நீதிமன்றமே) கடைசிக் கோடு. நாங்கள் 1971 வரைக்கும் வைத்திருந்தோம். அந்தக் கதவு திறந்திருந்தால் 29ஆம் பிரிவு எங்களைக் காப்பாற்றியிருக்கும். அப்புறம், வடலி, ‘பிரிவிக் கவுன்சில்’ இல்லை, ‘க்’ வராது.

கார்த்திகைப்பூ:
அந்த ‘க்’ ஒற்றைப் பிறகு பார்ப்போம். தமிழில் கோமறைக் கழகம் என்று அழகான சொல்லே இருக்கிறது.

ஸ்காபரோ குளிர்:
கோமறைக் கழகமா? அது என்ன, கோமாதா சங்கமா? ஐம்பது வருடம் தமிழ் வாசித்தவன் நான், ஒரு இடத்திலும் கண்டதில்லை.

கார்த்திகைப்பூ:
கோ என்றால் அரசன் அண்ணா. இலங்கையில் சட்டத் தமிழில் அப்படித்தான் எழுதுகிறோம். நீங்கள் வெளிக்கிட்ட காலத்தில் இருந்ததோ தெரியாது.

ஸ்காபரோ குளிர்:
வெளிக்கிட்ட காலம் என்று குத்திக் காட்டுகிறீர்கள் பாருங்கள், இதுதான் ஊரில் இருக்கிற ஆட்களின் குணம். நாங்கள் அனுப்பின காசில்தான்...

பனங்காய்ப் பணியாரம்:
ஐயோ, காசுக் கதை தொடங்கிவிட்டது. யாராவது கோயில் திருவிழா உபயக் கணக்கையும் எடுங்கள், முழுமையாகிவிடும்.

கச்சேரியடி:
கோமறையோ குளிர்மறையோ, கேள்விக்குப் பதில் வரவில்லை. இன்னொரு விசயம் சொல்லுகிறேன், எல்லாரும் நின்று கேளுங்கள். லண்டனுக்குச் சட்டத்தை எறியப் பயம் என்று நினைக்க வேண்டாம். அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்த்த 1962 ஜனவரிச் சதி வழக்கில் என்ன நடந்தது? சதிகாரரைப் பிடித்துவிட்டு, அவர்களுக்கென்றே பழைய திகதி போட்டுப் புதுச் சட்டம் செய்து, பதினொரு பேருக்குத் தண்டனை கொடுத்தார்கள். 1965 டிசம்பரில் லியனகே வழக்கில் லண்டன் அந்தச் சட்டத்தையே தூக்கி எறிந்தது. குறிப்பிட்ட ஆட்களைத் தண்டிக்க என்று சட்டம் செய்வது நீதிபதியின் வேலையைப் பாராளுமன்றம் பறிப்பது என்றது. ஆட்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். அதற்கு முதல் 1964இல், இலஞ்ச ஆணையாளருக்கு எதிராக ரணசிங்க என்பவர் வந்த வழக்கில், 29ஆம் பிரிவின் இன, மத விசயங்களில் சட்டம் செய்யவே முடியாது, அது இந்த நாட்டு மக்களுக்கு இடையிலான உரிமைச் சமநிலை என்ற மாதிரி எழுதிவைத்தது. இப்படி எழுதினவன் 1969இல் மொழிச் சட்டத்தை விட்டுவைத்திருப்பானா? அடுத்த முறை வழக்குப் போயிருந்தால் சட்டம் முடிந்தது. அது கொழும்புக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் 1971இல் லண்டன் கதவை மூடி, 1972 மே 22இல் புது யாப்புக் கொண்டுவந்து, 29ஐப் பிடுங்கி எறிந்து, சிங்களத்தை யாப்புக்குள்ளேயே ஏற்றினார்கள். தோற்றவனுக்குப் பயந்து யாரும் வீட்டை இடித்துக் கட்டுவதில்லை. வென்றவனுக்குத்தான் பயம். கோடீஸ்வரன் வென்றார், வென்றார், வென்றார்.

கார்த்திகைப்பூ:
இப்போதுதான் ஐயா நல்ல கதைக்கு வந்திருக்கிறீர்கள், ஆனால் மூன்று வழக்கை ஒரு சாக்குக்குள் போட்டுக் குலுக்குகிறீர்கள். லியனகே வழக்கில் எறிந்தது சதி விசாரணைச் சட்டத்தை, மொழிச் சட்டத்தை இல்லை. ரணசிங்க வழக்கு இலஞ்ச மன்றம் நியமித்த முறை பற்றியது. யாப்பைத் திருத்துகிற சட்டத்துக்குத் தேவையான, மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைத்தது என்ற சபாநாயகரின் சான்றிதழ் இல்லை என்பதுதான் முடிவு. 29 பற்றிச் சொன்னது போகிறபோக்கில் சொன்னது. அதை நம்பிப் பின்னால் எத்தனை தலைவர்கள் மேடையில் பேசினார்கள் என்பது வேறு கதை. ‘அடுத்த முறை போயிருந்தால்’ என்பது தீர்ப்பு இல்லை, உங்கள் ஆசை. எனக்கும் அந்த ஆசை உண்டு, ஆனால் பரீட்சையில் ஆசையை எழுத முடியாது.

உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார் என்று வழக்கு. கீழ்க் கோடு உங்களுக்குச் சாதகம். மேல் கோடு, உங்களுக்கு வழக்குப் போடவே தகுதியில்லை என்கிறது. அதற்கும் மேல் கோடு, தகுதி இருக்கிறது, போய் வேலியை அளந்து பார்த்து முடிவு சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்புகிறது. அளக்க முதல் காணிக் கந்தோரையே இடித்துவிட்டார்கள். இப்போது அந்த ஒரு முழம் உங்களுடையதா?

கச்சேரியடி:
வேலி வழக்கை என்னிடமே கொண்டுவருகிறீர் பிள்ளை. எங்கள் பூவரசம் வேலி வழக்கு பதினெட்டு வருடம் நடந்தது. நாங்கள்தான் வென்றோம்.

வடலி:
அண்ணை, அந்த வேலிக் கதை ஊருக்கே தெரியும். அது சமாதானமாகி அரை முழம் அரை முழமாகப் பிரித்தது.

கச்சேரியடி:
அரை முழம் வந்தால் வென்றதுதான். உம்முடைய பெரியப்பாதானே அந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொன்னவர், இப்போதுதான் விளங்குகிறது ஏன் இப்படி நிற்கிறீர் என்று.

பதுளையான்:
உங்கள் ஊர் வேலிக்கு நடுவில் நான் ஒரு வார்த்தை சொல்லலாமா? கோடீஸ்வரனைப் பற்றி நாள் முழுதும் கதைக்கிறீர்கள். கொடகன்பிள்ளை வழக்கை யாராவது எடுத்தீர்களா? குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் மலையக ஆட்களைத் தேர்தல் இடாப்பில் இருந்து வெட்டியபோது, ருவன்வெல்லத் தொகுதி இடாப்பை வைத்து அதே 29ஆம் பிரிவின் கீழ் லண்டன் வரை போனோம். 1953இல் லண்டன் என்ன சொன்னது? ஒரு நாடு தன் பிரஜை யார் என்று தீர்மானிக்கலாம், இது பாரபட்சம் இல்லை. முடிந்தது. இலட்சக்கணக்கில் சனம் நாடற்றவர் ஆனது. 29 காப்பாற்றும், லண்டன் காப்பாற்றும் என்று ஸ்காபரோவில் இருந்து ஒருவர் எழுதுகிறார். எங்களை ஏன் காப்பாற்றவில்லை? அப்போது உங்கள் யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் எங்கே நின்றார்கள்?

ஸ்காபரோ குளிர்:
தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர். சரித்திரம் தெரியாமல் கதைக்க வேண்டாம்.

பதுளையான்:
எதிராக வாக்களித்த கையோடு மந்திரியானார். 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார். அந்த வாக்கையும் எழுதுங்கள்.

ஸ்காபரோ குளிர்:
அது வேறு சட்டம். அது குடியுரிமை கொடுக்கிற சட்டம்.

பதுளையான்:
கொடுக்கிற சட்டமாம். எங்கள் தாத்தா விண்ணப்பப் பத்திரத்தோடு எத்தனை வருடம் அலைந்தார் என்று தெரியுமா? தோட்டத்தில் செக்ரோலில் (தொழிலாளர் இடாப்பில்) பேர் இருந்தும், இங்கேயே இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்றார்கள்.

கச்சேரியடி:
அதனால்தானே செல்வநாயகம் பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கினார்! யாழ்ப்பாணத்தவர் எல்லாரையும் ஒரு தட்டில் போட வேண்டாம். ஆனால் பதுளையான் தம்பி, நீர் சொல்வது எனக்குத்தான் சாதகம். கொடகன்பிள்ளை வழக்கில் மேன்முறையீட்டை லண்டன் தள்ளியது, அது தோல்வி. கோடீஸ்வரன் வழக்கில் ஏற்றது, அது வெற்றி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாரும், வித்தியாசம் தெரியும்.

பதுளையான்:
எங்கள் தோல்வியை உங்கள் வெற்றிக்கு அத்தாட்சி ஆக்கிவிட்டீர்கள். நல்லாயிருங்கள்.

மட்டுறுத்துநர்:
ஜீ.ஜீ., செல்வா பற்றி வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடிபடுங்கள். வேலி வழக்கை உரியவர்கள் வீட்டில் வைத்துத் தீர்க்கவும். ஆட்களின் பெரியப்பாமாரை இங்கே இழுக்க வேண்டாம்.

பனங்காய்ப் பணியாரம்:
ஒரு சின்ன விசயம். நானும் அரச உத்தியோகம்தான். இப்போது சட்டம் கொஞ்சம் நியாயம், தமிழ் ஆள் சிங்களம் படிக்க வேண்டும், சிங்கள ஆள் தமிழ் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்ச்சி நிற்கும். நான் பரீட்சை சித்தியடைந்துவிட்டேன், சான்றிதழும் கொடுத்தேன், கோவையைக் காணவில்லை என்று அலுவலகத்தில் இரண்டு வருடமாக என் உயர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேட்கப் போனால் நாளைக்கு வா என்கிறார்கள். அதுவும் சுத்தத் தமிழில்.

கச்சேரியடி:
வழக்குப் போடும் தம்பி! கோடீஸ்வரன் திறந்துவைத்த வழி! அவர் வென்றிராவிட்டால் உமக்கு இன்றைக்கு சம்பளத்துக்கு வழக்குப் போடும் உரிமை இருக்குமா?

கார்த்திகைப்பூ:
பாருங்கள், இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள். வழக்குப் போடும் உரிமை. அதைத்தான் வடலி முதல் பதிவிலேயே சொன்னார். பணியாரம், அடிப்படை உரிமை மீறல் என்று இப்போதைய யாப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போயிருக்க வேண்டும், இரண்டு வருடம் என்றால் கஷ்டம். முதலில் மேலதிகாரிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வா என்பதற்குக் கையெழுத்து இல்லை.

கச்சேரியடி:
நான் ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்குப் போடும் உரிமை வந்தது வென்றபடியால். தோற்றவனால் யாருக்காவது உரிமை வருமா? இரவு பன்னிரண்டு மணிக்கு இதை எழுதுகிறேன், மனுசி பேசுகிறது, ஆனால் விடமாட்டேன். தகரப் பெட்டியைத் திறந்து ஐயாவின் அந்தச் சிங்களத் தாள்களைப் படம் எடுத்து நாளைக்கு இங்கே போடுகிறேன், அப்போது பார்க்கலாம்.

வடலி:
அந்தத் தாளில் லண்டன் தீர்ப்பு எழுதியிருக்கிறதா அண்ணை?

கச்சேரியடி:
உமக்கு அது விளங்காது. திருப்பி அனுப்பினது தோல்வியா? இன்னும் ஒருவரும் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

கார்த்திகைப்பூ:
வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, தீராத வழக்கு என்று நாலு தரம் சொல்லிவிட்டேன்.

கச்சேரியடி:
நாலு தரம் சொன்னால் ஓம் ஆகிவிடுமா? நான் பத்துத் தரம் கேட்டேன்.

ஸ்காபரோ குளிர்:
நான் பார்த்துவிட்டேன், பழைய தமிழ் அகராதியில் கோமறை என்று ஒரு சொல்லே இல்லை.

வடலி:
இன்றைக்கு மருமகனிடம் கேட்டேன். சேரிடம் போய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தானாம். ‘அது பாஸ் பேப்பரில் வந்ததில்லை, விட்டுவிடு’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம்.

கச்சேரியடி:
பார்த்தீர்களா? சேர் மாற்றவில்லை.